படியும் பாடபேதமும்

கொழும்பு மாநகரின் கிழக்கே, களனி கங்கைக்குத் தெற்கே அமைந்த கொலன்னாவையை எண்ணெய்த் தாங்கிகளைக் கொண்டே அறிவார் பலர். அத்தகைய புறநகர்களின் சிறு வீடுகளில் இருந்துகொண்டு, அச்சகங்களுக்கும் விளம்பரத்தார்க்கும் படம் வரைந்து கொடுக்கும் இளைஞரின் கையில் இன்று தூரிகையும் இல்லை, மைக்கூடும் இல்லை. பழைய கற்பலகையை ஒத்த ஒரு கரிய தட்டும், மையற்ற ஒரு பேனாவுமே அவர்தம் கருவிகள். ‘டப்லெட்’ என அவர்கள் வழங்கும் அவ்வரைபலகையின்மேல் பேனா மெல்லத் தொட்டால் கணினித் திரையில் மெல்லிய கோடு தோன்றும். அழுத்தினால் கோடு தடிக்கும். ஒரு நிழற்படத்தைத் திரையின் அடியில் இட்டு, அதன்மேல் கண்ணுக்குப் புலனாகாத ஒரு தாளை விரித்தாற்போல எண்ணிக்கொண்டு, அடியிலுள்ள உருவத்தைக் கோட்டாற் படியெடுப்பர். இக்கருவி புதிது, இச்செயல் புதிதன்று. பழையதன்மேல் மெல்லிய தாளை விரித்துக் கோடு பிடிக்கும் தொழிலுக்கு இலங்கையில் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறியாது இக்கருவியின் நன்மை தீமைகளை எடைபோடுதல் இயலாது.

அவ்வரலாற்றைக் கண்ணாற் காண விரும்புவோர் கொலன்னாவையிலிருந்து நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மேற்கே பொறளையில், 1939, 1940ஆம் ஆண்டுகளில் ஜோர்ஜ் கீற் கோட்டின் வலிமையையே நம்பிச் சுவர்களில் புத்தர் வரலாற்றைத் தீட்டிய கோதமி விகாரை உளது. அதனைக் கடந்து கறுவாத்தோட்டத்தை அடைந்தால் 1877இல் திறக்கப்பெற்ற கொழும்பு நூதனசாலை. சிகிரியா ஓவியங்களின் படிகள் சேர்ந்த இடமும், காலியில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு நிற்கும் இடமும் அதுவே. ஓவியப் படி, எழுத்துப் படி என்னும் இருவகைக்கும் ஒரே கூரையின்கீழ்ச் சான்று கிடைத்தல் ஆராய்வார்க்கு வாய்த்த நற்பேறாகும்.

முதற்கண், அழுத்தம் என்பதைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். கையின் அழுத்தத்தை உணரும் கருவி தமிழர்க்குப் புதுமையானதன்று. பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதுவோன் அழுத்தம் குறைந்தால் எழுத்து விழாது. மிகுந்தால் ஓலை கிழியும். ஓலையில் மெய்யெழுத்துகளின் புள்ளியைப் பலரும் இடாது விட்டமைக்கும் இவ்வச்சமே காரணம் என்பர். புள்ளி இல்லாமையால் படியெடுப்போன் தன் அறிவு கொண்டே மெய்யையும் உயிர்மெய்யையும் பிரித்தறிய வேண்டியவனானான். ஒருவன் ஒருவாறு பிரித்தான். மற்றொருவன் வேறொருவாறு பிரித்தான். பாடபேதங்கள் பிறந்த வழிகளுள் இதுவும் ஒன்று. எனவே, கருவியின் இயல்பு படியெடுப்போனின் தீர்ப்பை வேண்டி நின்றது என்பதும், அத்தீர்ப்பு படியினுள் புகுந்து மறைந்து கொண்டது என்பதும் புலனாகும்.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் (1832–1901), உத்தமதானபுரம் சாமிநாதையரும் ஏடுகளை அச்சேற்ற முற்பட்டபோது எதிர்ப்பட்ட இடர்ப்பாடு இதுவே. தொட்டால் ஒடியும் ஓலை ஒருபுறம். ஒன்றோடொன்று முரணும் பிரதிகள் ஒருபுறம். அவர்கள் பதிப்பித்த நூல்களின் பெருமை, தாம் கொண்ட பாடத்தை அச்சிட்டதில் மட்டும் அமையவில்லை. தாம் கொள்ளாத பாடத்தையும் அடிக்குறிப்பில் வைத்துப் படிப்போன் கையில் ஒப்படைக்கும் வழக்கம் தமிழ்ப் பதிப்புலகில் வேரூன்றியதிலும் அது பெரிதும் அமைந்துளது. தன் தீர்ப்பை மறைக்காத படியே நற்படி என்னும் அளவுகோல் தமிழர்க்கு ஓவியத் துறையிலிருந்து வந்ததன்று. சுவடித் துறையிலிருந்து வந்தது. அவ்வளவுகோலைக் கொண்டே இனி ஓவியப் படிகளை நோக்குதல் தகும்.

சிகிரியாப் பாறையின் மேற்குப் பக்கத்திலே, நிலத்திலிருந்து எட்டாத உயரத்தில் உள்ள குடைவுகளில், ஐந்தாம் நூற்றாண்டிற் காசியப்பன் காலத்தில் தீட்டப்பெற்ற பெண்ணுருவங்கள் உள்ளன. கீழிருந்து தொலைநோக்கியாற் கண்டோர் பலர். அருகே சென்றோர் இலர். 1889ஆம் ஆண்டில், தேசாதிபதி ஆதர் கோடனின் விருப்பத்துக்கிணங்கப் பொதுவேலைப் பகுதியைச் சேர்ந்த மரே என்பவர் அக்குடைவினுள் ஏற முயன்றார். அயலூரார் பேய்க்கஞ்சி ஒதுங்கினமையால் தென்னிந்தியத் தமிழ்க் கற்றச்சர்களே பாறையில் துளையிட்டு இரும்பாணிகளை இறுக்கிச் சாரம் கட்டிக் கொடுத்தனர் என அக்காலத்து நூல்கள் கூறும். மரேயின் பெயர் நிலைத்தது. அவர் ஏறிய ஆணிகளை அறைந்தோர் பெயர் நிலைக்கவில்லை. குடைவின் தரை சரிவானது. அதன்மேற் பரண் அமைத்து, அதில் மல்லாந்து கிடந்து, மெல்லிய தாளை ஓவியத்தின்மேற் பிடித்து, வண்ணச் சுண்ணக்கோல்களால் அவர் உருவங்களைப் படியெடுத்தார். அடியில் உருவம், மேலே தாள், தாளின்மேற் கோல். இன்றைய வரைபலகையாளன் திரையிற் செய்வதை அவர் பாறையின்கீழ்ச் செய்தார் எனலாம்.

மரேயின் படிகள் உலகின் கண்ணைச் சிகிரியாவை நோக்கித் திருப்பின. ஆனால், ஓர் உருவத்தின் அழகைக் காட்டும் நோக்கமே அவற்றில் மேலோங்கி நின்றது. 1890இல் தொல்பொருளாய்வின் தலைமையை ஏற்ற எச். சி. பி. பெல் வேறொன்றை வேண்டினார். அவர் கீழ்ப் பணியாற்றிய வரைஞர் டி. ஏ. எல். பெரேரா 1896, 1897ஆம் ஆண்டுகளில் அதே குடைவுகளில் அமர்ந்து எண்ணெய் வண்ணத்திற் படிகள் தீட்டினார். அப்படிகளிற் பாறையின் வெடிப்பும், சாந்து உதிர்ந்த வடுவும், நீர்க்கறையும் உருவத்தோடு ஒப்ப இடம்பெற்றன. கோடும் நிறமும் மட்டுமன்றிக் குறையும் தவறாமல் வந்திருக்கின்றது என்பதே பெல் அப்படிகளுக்குத் தந்த பெரும் பாராட்டு. அழகிய முகத்தின் குறுக்கே ஓடும் வெடிப்பை வரைவதற்கு ஓவியனுக்கு மனம் எளிதில் இசையாது. பெரேரா இசைந்தார். இலங்கையின் படியெடுப்பு வரலாற்றில் அவருக்குரிய இடம் இன்னும் முழுதும் உணரப்பட்டதாகத் தோன்றவில்லை.

அவ்வோவியங்களில் ஆராய்ச்சியாளர் கண்ட ஒரு புதுமை ஈண்டு கருதத்தக்கது. பழைய ஓவியன் முதலில் ஒருவாறு கோடிட்டு, பின் மனம் மாறி வேறொருவாறு திருத்தியிருக்கின்றான். காலப்போக்கில் மேற்பூச்சுத் தேய, முதலிற் போட்ட கோடும் வெளிப்பட்டது. அதனால் ஓர் உருவத்துக்கு மூன்றாவது கை முளைத்தாற்போலக் காட்சியளிக்கின்றது. இம்மூன்றாங் கையைப் படியெடுப்போன் என் செய்வது? ஓவியன் வேண்டாமென்று மறைத்தது அது. ஆதலின் விடுதல் வேண்டும் என்பது ஒரு வாதம். சுவரில் இன்று காணப்படுவது அது. ஆதலின் வரைதல் வேண்டும் என்பது மற்றொன்று. விட்டால் ஓவியனின் கை எவ்வாறு தயங்கி எவ்வாறு தெளிந்தது என்னும் அரிய செய்தி அழியும். வேறுபாடின்றி வரைந்தால் காண்போர் மூன்று கையுடைய தெய்வமெனக் கொள்வர். ஏட்டில் நேர்ந்தது போன்றே சுவரிலும் பாடபேதம் நேர்ந்துளது என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

1967ஆம் ஆண்டு ஒக்டோபரில் தீயோர் சிலர் அக்குடைவினுட் புகுந்து பச்சை வண்ணத்தைப் பூசி உருவங்களைப் பாழ்படுத்தினர். சிலவற்றின் சாந்தையும் சிதைத்தனர். இத்தாலிய வல்லுநர் லூசியானோ மறான்சி வரவழைக்கப்பட்டு, தொல்பொருட் திணைக்களத்தாரோடு கூடிப் பூசிய வண்ணத்தை அகற்றினார். அகற்றக் கூடியது அகன்றது. உதிர்ந்த சாந்து மீண்டிலது. அச்சிதைவுக்கு எழுபதாண்டுகட்கு முன் அவ்வுருவங்கள் எந்நிலையில் நின்றன என்பதற்குப் பெரேராவின் படிகள் சான்றாயின. வடுவையும் அவர் வரைந்திருந்தமையாற்றான், பழைய வடு எது, புதிய வடு எது எனப் பிரித்தறிய அவை துணையாகும். அழகுக்காக வெடிப்பை நீக்கிய படி இவ்விடத்திற் பயன்படாது.

இந்தியாவில் அசந்தாவின் வரலாறு இதனினும் துயரமானது. றோபேட் கில் 1844 முதல் ஏறத்தாழ இருபதாண்டு அக்குகைகளிற் கிடந்து தீட்டிய பெரும்படிகள் இலண்டனில் பளிங்கு மாளிகையில் 1866இல் எரிந்தன. பம்பாய் ஓவியக் கல்லூரியின் யோன் கிறிபித்ஸ் தம் மாணாக்கரோடு 1872 முதல் 1885 வரை மீண்டும் எடுத்த படிகளிற் பல, அதே 1885இல் தென் கென்சிங்ரனில் எரிந்தன. 1917, 1918இல் யப்பானியர் வந்து எடுத்த படிகளும் 1923இன் பெருநிலநடுக்கத்தில் மறைந்தன. படிகள் எரிந்தமை ஒரு துன்பம். படியெடுத்தமையால் மூலம் கெட்டமை மற்றொரு துன்பம். மங்கிய கோடுகள் தெளிவாகத் தெரிதற்பொருட்டுக் கிறிபித்ஸ் சுவரின்மேல் வார்னிஷ் பூசினார். அது நாளடைவில் மஞ்சளித்து ஓவியத்தையே மூடத் தொடங்கியது. மூலத்தைக் காப்பதற்கெனப் புகுந்த கை மூலத்தைத் தீண்டியதால் வந்த கேடு அது. வரைபலகை சுவரைத் தீண்டுவதில்லை என்பது அதன் நன்மைகளுள் முதன்மையானது. இதனை எவரும் மறுத்தல் இயலாது.

1909 முதல் 1911 வரை ஹெரிங்கம் சீமாட்டி அசந்தாவிற் படியெடுத்தபோது உடன் சென்ற வங்க இளைஞருள் நந்தலால் போசும் ஒருவர். அவர் பின்னர்ச் சாந்திநிகேதனத்தில் ஆசிரியராய் விளங்கினார். 1932இல் சீனமொழி கற்க அங்குச் சென்ற இலங்கைப் பிக்கு ஒருவர் மொழியைவிட்டு ஓவியத்தின்பால் ஈர்க்கப்பட்டார். அவரே எல். ரி. பி. மஞ்சுசிறி (1902–1982). நாடு திரும்பிய அவர், துறவு நீங்கிய பின்னரும் விடாது, ஊர்தோறும் பழைய விகாரைகளின் சுவரோவியங்களைப் பல்லாண்டு படியெடுத்துவந்தார். அக்காலத்தில் விகாரையைப் புதுப்பித்தல் புண்ணியம் எனக் கருதப்பட்டதேயன்றிப் பழைய ஓவியத்தைக் காத்தல் புண்ணியமெனக் கருதப்படவில்லை. சுண்ணாம்புக்கும் புதுவண்ணத்துக்கும் முன்னே ஓடிச்சென்று சேரவேண்டிய ஓட்டமாகவே அவர் பணி அமைந்தது. அவர் படிகளின் தொகுப்பு 1977இல் நூலாயிற்று. 1979இல் ரமோன் மக்சேசே விருது அவரை வந்தடைந்தது. திருப்பணி என்னும் பெயராற் பழைய ஓவியத்தின்மேற் சுண்ணம் பூசும் வழக்கம் விகாரைகளுக்கு மட்டும் உரியதன்று. தமிழர்தம் கோயில்களிலும் கும்பாபிடேகந்தோறும் அது நடந்தே வந்துளது. மஞ்சுசிறி போன்ற ஒருவர் ஈழத்துக் கோயிற் சுவர்களுக்கு உரிய காலத்தில் வாய்த்திருப்பின், இன்று ஆராய்வார் வெறுஞ்சுவரை நோக்கி நிற்க நேர்ந்திராது.

அசந்தாவிற் படி எரிந்தது, மூலம் எஞ்சியது. யாழ்ப்பாணத்தில் மூலமே எரிந்தது. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் தொடங்கி யூன் முதலாம் நாளில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையானபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. வேறிடத்திற் படி இருந்தவை பிழைத்தன. படி இல்லாதவை இல்லையாயின. 2005இல் தொடங்கப்பெற்ற நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சுவடிகளையும் மின்படியாக்கி வருதற்குப் பின்னணியில் அந்நெருப்பின் நினைவு உண்டு.

இனி, எழுத்துப் படியை நோக்குவோம். கல்வெட்டாளர் ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒட்டித் தூரிகையால் அடித்து, எழுத்தின் குழியுள் தாளைப் பதித்து, மேலே மையை ஒற்றி எடுப்பது மைப்படி. எழுத்துக்கும் கீறலுக்கும் மைப்படி வேற்றுமை காட்டாது. இரண்டையும் வெண்மையாகவே காட்டும். 1409ஆம் ஆண்டு நாளிடப்பெற்று, சீனத்தில் புத்தரையும், தமிழில் தேனவரை நாயனாரையும், பாரசீகத்தில் அல்லாவையும் போற்றும் மும்மொழிக் கல், 1911இல் காலியில் வடிகால் மூடியாகக் கண்டெடுக்கப்பட்டது. அதன் பாரசீகப் பகுதி பெரிதும் தேய்ந்துளது. அங்கே எழுத்து எங்கே முடிகின்றது, தேய்வு எங்கே தொடங்குகின்றது என்பதைத் தாள் கூறாது, கண்ணே கூறவேண்டும். கண்ணாற் கண்டு கையால் வரைவது கட்படி. மைப்படி சாட்சி சொல்லும். கட்படி தீர்ப்புச் சொல்லும். இரண்டும் வேண்டும். ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளுதல் கூடாது.

அவ்வாறு கொண்டமையால் விளைந்த சிக்கலுக்கு இலங்கை வரலாற்றிலேயே பெரியதோர் எடுத்துக்காட்டு உண்டு. பேராசிரியர் செ. பரணவிதான இந்நாட்டுக் கல்வெட்டாளருள் தலையாயவர். சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில் வருவோர் போவோர் நுண்ணிய கூர்முனையாற் கீறிச்சென்ற 685 பாடல்களைப் பல்லாண்டு உழைத்துப் படித்து 1956இல் வெளியிட்டவர். ஒன்றன்மேலொன்று கீறப்பட்டு மயிரிழை போலக் கிடந்த அவ்வெழுத்துகளைப் படித்த கண்ணுக்கு ஈடான கண் அந்நாளில் வேறில்லை. அதே அறிஞர் தம் முதுமையிற் கல்வெட்டு வரிகளின் இடையே வேறு நுண்ணெழுத்து வரிகளும் உள எனக் கண்டு, அவற்றைக் கொண்டு இலங்கைக்கும் மலாயாவுக்கும் இடையே பெரியதோர் வரலாற்றை எழுதினார். 1966இல் அந்நூல் வெளிவந்தது. அவ்வரிகளைப் பிற அறிஞரால் கல்லிலும் காணமுடியவில்லை, மைப்படியிலும் காணமுடியவில்லை. அடுத்த ஆண்டிலேயே கா. இந்திரபாலா, ஆர். ஏ. எல். எச். குணவர்தன ஆகியோர் அதனை மறுத்தெழுதினர். பெரியாரைக் குறைகூறுதல் ஈண்டு நோக்கமன்று. பயிற்சி மிக்க கண், தான் கண்டதையும் காண விரும்பியதையும் பிரித்தறிய இயலாத எல்லை ஒன்று உண்டு என்பதும், அவ்வெல்லையிற் படியெடுத்தவன் கைக்கோடு சான்றாகாது என்பதுமே அறியத்தக்கன.

இப்பின்னணியில் வரைபலகையை நோக்குமிடத்து அதன் தோற்றம் ஓவியர் கையிலன்று, பொறியியலார் கையில் என்பது தெரியவரும். கையெழுத்தைக் கம்பிவழி அனுப்பும் பொறியை எலிசா கிறே 1888இல் அமைத்தார். 1963இல் ஐவன் சதர்லண்ட் ஒளிப்பேனாவாற் கணினித் திரையிற் கோடு வரைந்து காட்டினார். 1964இல் றாண்ட் நிறுவனம் ஏறத்தாழப் பத்தங்குலச் சதுரப் பலகையில் அங்குலத்துக்கு நூறு கம்பிகளை ஓடவிட்டுப் பத்து இலட்சம் புள்ளிகளை உணரச் செய்தது. 1983இல் யப்பானிற் சைத்தாமாவில் தோன்றிய வாக்கம் நிறுவனம் பேனாவை வடத்திலிருந்து விடுவித்தது. பலகையடியிலுள்ள கம்பிச் சுருள்கள் மெல்லிய காந்தப்புலத்தை எழுப்ப, பேனாவினுள் உள்ள சுருள் அதனை எதிரொலிபோலத் திருப்பியனுப்பும். எக்கம்பிகள் அதனை மிகுதியாக ஏற்கின்றன என்பதைக்கொண்டு நுனியின் இடம் கணிக்கப்படும். நுனி அழுந்துந்தோறும் பேனாவின் மின்சுற்று மாறும். அம்மாற்றமே அழுத்தமாக எண்ணப்படும். 1998இல் 1024 நிலைகளாகப் பகுக்கப்பட்ட அவ்வழுத்தம் இருபதாண்டுகளுள் 8192 நிலைகளாகப் பெருகியது.

இவ்விடத்திற்றான் எச்சரிக்கை வேண்டும். அவ்வெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட நிலைகளும் யாருடைய அழுத்தத்தை அளக்கின்றன? பழைய ஓவியனுடையதை அன்று. அவன் ஓவியத்தின் நிழற்படத்தின்மேற் கோடு பிடிக்கும் இன்றைய இளைஞனுடையதையே. சிகிரியா ஓவியன் தூரிகையை எங்கே ஊன்றினான், எங்கே தூக்கினான் என்பது சுவரிலேயே உளது. வரைபலகையோ படியெடுப்போன் மணிக்கட்டின் ஏற்ற இறக்கத்தைக் கோட்டில் ஏற்றி, அதனைப் பழையவன் கையின் உயிர்ப்பு எனக் காண்போர் மயங்கச் செய்யும். மேலும், நடுங்கும் கோட்டை நேர்செய்து வழவழப்பாக்கும் வசதியும் இதனோடு வருகின்றது. மூன்றாங் கையை வரைந்தவன் தயங்கினான் அல்லவா? அத்தயக்கம் இவ்வசதியாற் சுவடின்றி மறையும். மரேயின் சுண்ணக்கோல் பொய் சொல்லவேண்டுமாயின் மரே பொய் சொல்லவேண்டும். இக்கருவியோ படியெடுப்போன் அறியாமலே அழகாகப் பொய் சொல்ல வல்லது. விளம்பரப் படத்துக்கு இது குற்றமன்று; வரலாற்றுப் படிக்குக் குற்றமே.

எனினும், இதே கருவியில் முன்னைய எக்கருவியிலும் இல்லாத ஒரு நன்மை உண்டு. அழுத்தத்தை உணரும் திறனினும் அதுவே பெரிது. இளைஞர் ‘லேயர்’ என்று கூறும் படலங்கள் பலவற்றை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, வேண்டியபோது ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்க இயலும். பெரேரா உருவத்தையும் வெடிப்பையும் ஒரே துணியில் தீட்ட வேண்டியவரானார். அவற்றைப் பிரிக்க அவருக்கு வழியில்லை. வரைபலகையாளனுக்கு வழியுண்டு. பாறை ஓவியங்களை ஆராய்வோர் இம்முறையைக் கையாளுகின்றனர். 2005ஆம் ஆண்டளவில் யோன் ஹார்மன் ஆக்கிய டீ-ஸ்ட்ரெட்ச் என்னும் செய்முறையால் மங்கிய காவிநிறத்தைத் திரையில் துலங்கச் செய்து, அதனைத் தனியே ஒரு படலமாக வைத்து, அதன்மேற் கோடு பிடிப்பர். சுவரில் வார்னிஷ் பூசாமலே கிறிபித்ஸ் வேண்டிய தெளிவு இதனாற் கிடைக்கின்றது. ஐயமற்ற கோட்டை முழுக்கோடாகவும், ஐயமுடையதைப் புள்ளிக்கோடாகவும் இடுதல் தொல்பொருள் வரைஞரின் பழைய மரபு. அப்புள்ளிக்கோட்டைத் தனிப் படலத்தில் வைத்தால், அது சாமிநாதையர் பதிப்பின் அடிக்குறிப்புக்கு ஒப்பாகும்.

சிகிரியாவின் மூன்று கையுடைய அவ்வுருவத்தை ஒருவன் இன்று வரைபலகையிற் படியெடுப்பதாகக் கொள்வோம். அடிப்படலத்தில் அளவுகோலுடன் எடுத்த நிழற்படம், எவரும் திருத்தவியலாதவாறு பூட்டப்பட்டு இருத்தல் வேண்டும். அடுத்ததில் வெடிப்பும் வடுவும். அதற்கு அடுத்ததில் ஓவியன் இறுதியாகக் கொண்ட உருவம், அழுத்த வேறுபாடும் வழவழப்பும் அகற்றிய ஒரே தடிப்புக் கோட்டில். அவற்றுக்கு மேலே, தனியே, புள்ளிக்கோட்டில் அம்மூன்றாங் கை. அப்படலத்தின் பெயராகப் படியெடுத்தவன் பெயரும் நாளும், அதனை அவன் கை எனக் கொண்டதற்குக் காரணமும் இரண்டொரு வரியில். நாளை வருவோன் அக்காரணத்தைப் படித்து, ஏற்பின் அப்படலத்தை வைத்துக்கொள்வான். ஏலாதாயின் அதனை மட்டும் நீக்கிவிட்டுக் கீழேயுள்ள நிழற்படத்தைத் தானே நோக்குவான்.